மடைப்பள்ளிச் சிவனேஸ் படித்த ஜப்பான் சரித்திரம்

சிவனேஸ்வரி ஜப்பான் சரித்திரம் படிக்கப் போனது ஜப்பான்மேல் இருந்த ஆசையால் அல்ல, வகுப்புக்கு ஆள் குறைந்ததால். 1992ஆம் ஆண்டு ஏப்ரலில், லண்டனில் ஸ்ட்ரெத்தம் பக்கம், வளர்ந்தவர்களுக்கு வகுப்பு நடத்தும் ஒரு நிலையத்தில் அவள் தேநீர்க் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் பதிந்தால் வகுப்பு நடக்கும், ஒன்பது பேர் என்றால் மூடிவிடுவார்கள். அது அங்கே சட்டம். கேக்குக்கு ஐசிங் போடும் வகுப்பில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். நாய்க்குப் பணிவு பழக்கும் வகுப்பில் முப்பது பேர், நாய்களை எண்ணாமல். ‘மத்தியகால ஜப்பான்: வாளும் புத்தரும்’ என்ற புதன்கிழமைப் பின்னேர வகுப்பில் மட்டும் ஒன்பது பேர். அதை நடத்தும் மிஸ் ஹாலம் கவுண்டருக்கு வந்து, கோப்பையை நீட்ட வேண்டிய கையால் பதிவுப் படிவத்தை நீட்டினாள்.

“ஒரு பெயர் மட்டும்தான் வேண்டும், சிவா. ஊழியருக்கு இலவசம். நீ வந்து உட்காரக்கூட வேண்டியதில்லை” என்று கெஞ்சினாள்.

சிவனேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் பதினொரு வருடம் கிளாக்காக இருந்தவள். பதிவில் உள்ளது கடையிலும் இருக்க வேண்டும் என்று பழகிய மனம். புதன் இரண்டு மணிக்குப் பிறகு கவுண்டரில் ஈயும் பறக்காது என்பதும் வசதியாகப் போயிற்று. ஏப்ரனைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் இருந்தாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து 1985இல் வந்தவள். கணவர் இராஜேந்திரன் மினிகேப் ஓட்டினார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினாலும் பாதையைப் பற்றித்தான் பேசுவார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாராவது இரக்கத்தோடு கேட்டால், “வெள்ளிக்கிழமை கோயிலடிக்கு வந்து எண்ணிப் பாருங்கோ” என்று சிவனேஸ்வரி சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்.

கோயில் என்பது நோர்பரியில், கம்பளம் விற்றவர்கள் கைவிட்டுப் போன ஒரு கிட்டங்கி. முன்பக்கம் அம்மன், பின்பக்கம் கார் நிறுத்தும் இடம். இரண்டுக்கும் நடுவில், அம்மனுக்குச் சமைக்கும் மடைப்பள்ளி. வெள்ளிக்கிழமைகளில் சிவனேஸ்வரி லீவு எடுத்துக்கொண்டு விடியவே அங்கு வந்துவிடுவாள். சோறு, பருப்பு, இரண்டு கறி, ஒரு சொதி. அம்மனுக்குப் படைத்த பிறகு அறுபது எழுபது பேர் நிலத்தில் இருந்து சாப்பிடுவார்கள். பெரும்பாலும் பெடியன்கள் என்று எல்லோரும் சொல்லும் ஆண்கள், ஆனால் முப்பது வயதைத் தாண்டியவர்கள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஹோம் ஒஃபிஸ் கடிதத்துக்குக் காத்திருப்பவர்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, ஒரு அறையில் ஆறு பேர், அடுப்பில் கறி கொதித்தால் வீட்டுக்காரன் கத்துவான். கிழமை ஏழு நாளிலும் அவர்கள் நிறையச் சாப்பிட்ட சோறு அந்த ஒன்றுதான்.

சிவனேஸ்வரிக்கும் அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது. மற்ற ஆறு நாளும் அவள் மேசை துடைக்கிறவள், “டூ சுகர்ஸ், லவ்” என்று சொல்லிவிட்டு முகம் பாராமல் போகிறவர்களுக்குக் கோப்பை நீட்டுகிறவள். மடைப்பள்ளியில் அவள் உப்புச் சரியென்று சொல்லும் வரை எழுபது பேரும் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஜப்பான் வகுப்பு முதல் இரண்டு கிழமையும் அறுவையாக இருந்தது. தலைநகரில் ஒரு சக்கரவர்த்தி, அவரைச் சுற்றிப் பிரபுக்கள் இருந்தார்களாம். வாசனைப் புகையை முகர்ந்து பார்த்து அது என்ன கட்டை என்று போட்டி வைப்பார்களாம், பல்லுக்குக் கறுப்பு மை பூசுவார்களாம். சிவனேஸ்வரி கொட்டாவியைக் கையால் மறைத்தாள். மூன்றாம் கிழமை மிஸ் ஹாலம் போர்வீரர்களுக்கு வந்தாள். அந்த வீரர்கள் எங்கிருந்தும் படையெடுத்து வந்தவர்கள் அல்ல என்றாள். இரத்தம் தீட்டு என்று அஞ்சிய பிரபுக்களே கள்ளருக்குப் பயந்து வெளிமாகாணத்து முரடர்களைக் கூப்பிட்டு வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள். வாசலில் நின்றவன் பிறகு வாசல் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டான். திறப்பு வைத்திருந்தவன் யார் உள்ளே வரலாம் என்று சொல்லத் தொடங்கினான். எண்ணூறு வருடத்துக்கு முன்னே அவர்களின் தலைவன், தலைநகரத்துக்குக்கூடப் போகாமல், கமக்குரா என்ற தூரத்து ஊரில் இருந்துகொண்டே நாட்டை ஆண்டான்.

சிவனேஸ்வரி முதன்முறையாகக் கையை உயர்த்தினாள். அப்படியென்றால் சக்கரவர்த்தியை ஏன் அவன் துரத்திக் கலைத்துவிடவில்லை என்று கேட்டாள்.

“கலைத்தால் யார் கையெழுத்துப் போடுவது?” என்றாள் மிஸ் ஹாலம். “சடங்கும் மரியாதையும் சக்கரவர்த்திக்கு. அதிகாரம் இவனுக்கு. அந்த அதிகாரத்தை இவனுக்குத் தந்ததாக அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேலை.”

கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு “சொறி மிஸ்” என்றாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, ஏனென்றால் அந்தச் சக்கரவர்த்தியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் தோர்ன்டன் ஹீத்தில் குடியிருந்தார்.

கோயில் தலைவர் கார்த்திகேசு மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எஞ்சினியர். தங்கமான மனிதர். திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் தலையில்தான் கட்டுவார்கள், முதல் திருநீறும் அவருக்குத்தான். தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். செயலாளர் பாலேந்திராவோ வேறு கதை. முதல் திருவிழாவின்போது காருகளை ஒழுங்காக விட ஆள் தேவைப்பட, மின்னும் மஞ்சள் ஜாக்கெட் போட்டு வாசலில் நிறுத்தப்பட்டவர். அடுத்த வருடம் செருப்பு வைக்கும் தட்டும் அவர் பொறுப்பாயிற்று. அதற்கடுத்த வருடம் மண்டபத்துத் திறப்பு. பிறகு செயலாளர். பதவி ஏறினாலும் அந்த மஞ்சள் ஜாக்கெட்டை அவர் விடவில்லை, சாமி கும்பிடும்போதும் கழற்றமாட்டார். இடுப்பில் வோக்கி டோக்கி. அதன் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குறை மட்டும் சொல்லக் கூடாது. அவர் வந்த பிறகு காருகள் நேர்கோட்டில் நின்றன. மனிதர்களும் அப்படியே நிற்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததுதான் கரைச்சல்.

அதற்கடுத்த கிழமை அந்தக் கமக்குராத் தலைவனின் மனைவி வந்தாள், வகுப்பில்தான். புருஷன் செத்ததும் மொட்டையடித்துத் துறவியானவள், துறவியானபடியே தகப்பனையும் தம்பியையும் வைத்துக்கொண்டு அரசை நடத்தினாளாம். சிவனேஸ்வரிக்கு உடனே பாலேந்திராவின் மனைவி மகாதேவியின் கைப்பை ஞாபகம் வந்தது. கோயிலின் அத்தனை திறப்பும் அந்தப் பைக்குள்தான். மகாதேவிக்குத் தலைமுடி மட்டும் அடர்த்தியாக இருந்தது. சிவனேஸ்வரி வகுப்புக் கொப்பியில் அந்தத் துறவியின் கதைக்குக் கீழே ஒரு கோடு போட்டு வைத்தாள்.

புத்தசமயம் என்ற பாடம் தொடங்கிய அன்று அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பிக்குமாரைப் பற்றி இலங்கைத் தமிழருக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்பது அவள் எண்ணம். ஆனால் அமிதா என்ற புத்தரின் பெயரைச் சொன்னாலே போதும், மீனவனுக்கும் வேட்டைக்காரனுக்கும் வேசைக்கும் மோட்சம் உண்டு என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த துறவிகளைக் கேட்டதும் கை தானாக அவிழ்ந்தது. பெயரைச் சொன்னால் போதும் என்பதில் அவளுக்கு என்ன ஆட்சேபம்? அவளும் அடுப்பு மூட்டும்போது ஒரு பெயரைத்தானே சொல்கிறாள்.

ஆறாம் கிழமை பாடத்தில் மலைக்குப் போனார்கள். தலைநகருக்கு மேலே ஒரு மலை, மலை நிறையப் புத்த கோயில், கோயில் நிறையப் பிக்குகள். பிக்குகள் கையில் ஈட்டி. அவர்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் சண்டைக்குப் போகமாட்டார்கள். மலையடிவாரத்துத் தெய்வத்தைப் பல்லக்கில் ஏற்றி, சுமந்து வந்து, தலைநகரத்துத் தெருவில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அரண்மனை நடுங்கும். கேட்டதைக் கொடுத்த பிறகுதான் வந்து சாமியைத் தூக்கிப்போவார்கள்.

வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் முன்வரிசையில் இருந்தார். “இதிலே என்ன கஷ்டம்? நாலு பேர் சேர்ந்து அந்தப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்திருக்கலாமே” என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

சிவனேஸ்வரி திகைத்துப்போனாள். படித்த மனிதர், எழுபது வயது, இப்படியும் ஒரு கேள்வியா? எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினாள். அது பெட்டி அல்ல, ஆள். வீதியில் வந்து இருப்பது ஆள் என்றால், அதுவும் கோபத்தோடு வந்த ஆள் என்றால், யார் தொடுவது? தொட்ட கைக்கு என்ன ஆகும்? அவள் சொல்லி முடித்தபோது வகுப்பு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிஸ் ஹாலம் எழுதிக்கொண்டிருந்த சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, பதினெட்டு வருடமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன், இன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது என்றாள். அன்று முழுக்க சிவனேஸ்வரி நிலத்தில் நடக்கவில்லை.

மே மாதக் கடைசியில் கோயில் பலகையில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. திருவிழா முடிந்ததும் மடைப்பள்ளி மூடப்படும், அந்த இடத்தில் மண்டபத்தில் கலியாணம் செய்பவர்களுக்காக மணப்பெண் அலங்கார அறை கட்டப்படும், வெள்ளிக்கிழமைச் சாப்பாடு நிறுத்தப்படும், அக்கம்பக்கத்தவர்கள் பார்க்கிங் பற்றிக் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறார்கள். கீழே கார்த்திகேசுவின் அழகான கையெழுத்து.

சிவனேஸ்வரி பாலேந்திராவைக் கார் நிறுத்துமிடத்தில் மறித்தாள். “அண்ணை, வெள்ளிக்கிழமை வாற பெடியளிட்டைச் சைக்கிளே இல்லை. பிறகென்ன பார்க்கிங்?”

“அவை கூடி நிக்கினம் அக்கா. வெள்ளைக்காரன் கூட்டத்தைக் கண்டால் பயப்பிடுவான்.”

“பசிச்சவன் வரிசையிலதானே நிக்கிறான்? உங்கட காரைவிட நேராய் நிக்கிறான்.”

“கமிற்றி முடிவெடுத்திட்டுது. என்ரை கையில ஒண்டுமில்லை.”

“கமிற்றி ஆர் அண்ணை?”

பாலேந்திரா வோக்கி டோக்கியைக் காதில் வைத்து, யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

தலைவரிடமும் போனாள். கார்த்திகேசு உண்மையாகவே வருத்தப்பட்டார். “பேப்பர் கொண்டு வந்து வெச்சாங்கம்மா. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க சாம்பார் நல்லாயிருக்குமே” என்றார். அவள் ஒருநாளும் சாம்பார் வைத்ததில்லை.

ரயிலில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வந்தது. எழுபது பேரின் சாப்பாட்டுக்காக அழுதாள், பிறகு தனக்காகவும் கொஞ்சம் அழுதாள். வெள்ளிக்கிழமை இல்லாத கிழமையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்த ஊரில் அவளை ஆளாக நிறுத்தி வைத்திருந்தது அந்த அடுப்புத்தான்.

லண்டன் அம்மனுக்குப் பஞ்சாங்கத்தோடு காலண்டரும் பார்த்துத்தான் திருவிழா. கடைசி நாள் எப்போதும் ஞாயிறு, அந்த வருடம் ஜூன் நடுவில் வந்தது. அன்று அம்மன் நாலு பேர் தோளில் பல்லக்கில் புறப்பட்டு, கட்டிடத்தைச் சுற்றி, பின்பக்கம் மடைப்பள்ளி வாசலில் தரித்து நிற்பாள். முதல் வருடத்திலிருந்தே அது வழக்கம். அங்கே சுடச்சுடப் பொங்கல் படைத்து, தீபாராதனை காட்டிய பிறகுதான் அம்மன் உள்ளே போவாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிவனேஸ்வரி பச்சரிசியும் பயறும் சர்க்கரையுமாக வந்து இறங்கினாள். மடைப்பள்ளிக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. திங்கட்கிழமை உடைக்க ஆட்கள் வருவதால் பாலேந்திரா ஒரு நாள் முந்தியே பூட்டியிருந்தார். சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டவர்களுக்கு, கடையில் தட்டுத் தட்டாக ஓர்டர் கொடுத்தாயிற்று என்று பதில் சொல்லியிருந்தார். அவரைப் பொறுத்தவரை மடைப்பள்ளி என்றால் சனம் சாப்பிடுகிற இடம். அம்மனும் அங்கேதான் சாப்பிடுகிறாள் என்பது அவர் தலையில் ஏறவில்லை. காலைப் பூசை பாலோடும் பழத்தோடும் முடிந்ததால் ஐயரும் கவனிக்கவில்லை.

சிவனேஸ்வரி பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் பாலேந்திரா ஓடி வந்து திறந்திருப்பார். திறந்து, பொங்க விட்டு, திங்கட்கிழமை மறுபடி பூட்டியிருப்பார். ஆகவே அவள் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. அரிசி மூட்டையைத் திரும்பவும் கணவரின் கார் டிக்கியில் வைக்கச் சொன்னாள். இராஜேந்திரன் மூட்டையை வைத்து டிக்கியை மூடினார். பிறகு போய் பல்லக்குத் தூக்கும் யோகலிங்கத்தைத் தேடிப் பிடித்தாள். நாலு வருடமாகக் கடிதத்துக்குக் காத்திருப்பவன் அவன், வெள்ளிக்கிழமைகளில் மூன்று முறை சோறு வாங்குகிறவன்.

“தம்பி, வழமைபோல மடைப்பள்ளி வாசல்ல நிப்பாட்டுங்கோ. அம்மாளாச்சிக்குப் படைக்காமல் அசையக் கூடாது, சரியோ?”

“பொங்கல் எங்கையக்கா?”

“அதை என்னட்டைக் கேக்காதை. பூட்டினவரிட்டைக் கேள்.”

யோகலிங்கம் பூட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டு மற்ற மூன்று பேரிடம் போனான்.

பன்னிரண்டு மணிக்கு நாதஸ்வரம் முழங்க அம்மன் புறப்பட்டாள். முந்நூறு பேர் பின்னால். மடைப்பள்ளி வாசலுக்கு வந்ததும் தண்டுகளுக்குக் கவைத்தடிகளை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். நின்ற இடம் கார் நிறுத்துமிடத்தின் ஒரே வாசலுக்கு நேர் குறுக்கே. ஐயர் கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி, “நைவேத்தியம்?” என்றார்.

எல்லோரும் சிவனேஸ்வரியைப் பார்த்தார்கள். சிவனேஸ்வரி பூட்டைப் பார்த்தாள். ஆகவே எல்லோரும் பூட்டைப் பார்த்தார்கள்.

பாலேந்திரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் வெள்ளித்தாள் மூடிய ஒரு தட்டு. “ஐயா, பொங்கல் இஞ்சை இருக்கு. கடையில சொல்லி எடுப்பிச்சது, பிரச்சினையில்லை.”

“கடைச் சோத்தையோ அம்பாளுக்குப் படைக்கச் சொல்லுறியள்?” ஐயர் ஓரடி பின்வாங்கினார். “உவன் ஆர் பொங்கினது? குளிச்சவனோ? இறைச்சி வெட்டின மேசையோ? மடைப்பள்ளிப் படையல் இல்லாமல் தீபாராதனை இல்லை. தீபாராதனை இல்லாமல் அம்பாள் உள்ளுக்கை வரமாட்டா.” கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

தூறல் தொடங்கியது. காஞ்சிபுரங்கள் நனைந்தன. மூன்று மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் தங்கள் காருகளைப் பார்த்தார்கள், காருகளுக்குக் குறுக்கே நின்ற அம்மனைப் பார்த்தார்கள், குடையை விரித்தார்கள். பாலேந்திரா வாழ்க்கையில் உண்டாக்கிய மிகப் பெரிய போக்குவரத்து நெரிசல் அது, அதுவும் அவருடைய சொந்த இராச்சியத்தில்.

“தம்பியவை, தூக்குங்கோ. உள்ளுக்கை கொண்டு போய்ப் பாப்பம்” என்று அவர் கட்டளையிட்டார்.

யோகலிங்கமும் மற்ற மூவரும் குனிந்து தோள் கொடுத்தார்கள். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. பல்லக்கு அசையவில்லை. யோகலிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான். “ஏலாது அண்ணை. அம்மாளாச்சி பாரமாயிட்டா.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒரு பெண் விம்மினாள். அரோகரா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, பிறகு முந்நூறு குரல். பாலேந்திரா தானே ஜாக்கெட்டோடு குனிந்து தண்டின்கீழ் தோளைக் கொடுத்து உன்னிப் பார்த்தார். அவருடைய பக்கம் ஒரு அங்குலம்கூட எழவில்லை. அவர் முகத்தில் அப்போது வந்தது உண்மையான பயம். யோகலிங்கத்தின் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்ததைச் சிவனேஸ்வரி மட்டும் கண்டாள். கண்டுவிட்டு அம்மனைப் பார்த்தாள்.

அவளுக்கும் பயமாக இருந்தது. விளையாட்டு என்று தொடங்கியது இவ்வளவு பேரை அழவைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ‘அம்மாளாச்சி, பிழையெண்டால் என்னோடை மட்டும் வைச்சுக்கொள், பெடியளைத் தொடாதை’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பாலேந்திரா நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார். பரிவட்டம் நனைந்து நெற்றியில் சரிந்திருந்த கார்த்திகேசு, எங்கே கையெழுத்துப் போடுவது என்று தேடுகிறவர்போல நின்றார். சிவனேஸ்வரி இருவரையும் விட்டுவிட்டு நேரே மகாதேவியிடம் போனாள். கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்தவள் அல்லவா?

“தங்கச்சி, அம்மாளாச்சி நனையிறா.”

மகாதேவி கணவரைப் பார்த்தாள். முந்நூறு பேருக்கு முன்னால் சேறான வேட்டியும் கோணிய ஜாக்கெட்டுமாக அவர் நின்ற கோலம் அவளுக்குப் பொறுக்கவில்லை. கைப்பையைத் திறந்து, திறப்புக்கோர்வையிலிருந்து ஒன்றைக் கழற்றி நீட்டினாள். “இந்தாங்கோ அக்கா, கெதியாய்ப் பொங்குங்கோ.”

சிவனேஸ்வரி கையை நீட்டவில்லை. “இண்டைக்கு மட்டுமோ, வெள்ளிக்கிழமையளுக்குமோ? அம்மாளாச்சிக்கு முன்னாலை சொல்லுங்கோ.”

மகாதேவி வாயைத் திறப்பதற்குள் வேறொரு குரல் கேட்டது. “வெள்ளிக்கிழமையும்தான்” என்றார் கார்த்திகேசு. தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு துணிவு வந்து, “அந்த அலங்கார ரூம் வேணாம். பொண்ணுங்க வீட்டிலேயே உடுத்திட்டு வரட்டும்” என்றார். அது அவர் பதவிக்கு வந்து சொன்ன முதல் முடிவு. மகாதேவி ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். பாலேந்திரா மகாதேவியைப் பார்த்துவிட்டுத் தானும் தலையசைத்தார்.

இராஜேந்திரன் டிக்கியைத் திறந்து அரிசியை எடுத்தார். நாற்பது நிமிடம் அம்மன் தூறலில் காத்திருந்தாள், முந்நூறு பேரும் காத்திருந்தார்கள். பால் பொங்கியபோது சிவனேஸ்வரியின் அகப்பை இரண்டு முறை கைதவறி விழுந்தது. படைத்து, தீபம் காட்டி, ஐயர் தலையசைத்ததும் யோகலிங்கம் தோள் கொடுத்தான். பல்லக்குப் பஞ்சுபோல எழுந்தது. கூட்டம் கண்ணீரோடு கும்பிட்டது. அந்தக் கண்ணீர் எல்லாம் பொய் என்று சிவனேஸ்வரியால் சொல்ல முடியவில்லை, அவளுடைய கண்ணும் நனைந்துதான் இருந்தது.

ஜூலை முதல் புதன் கடைசி வகுப்பு. படித்ததில் உங்களைத் தொட்டது எது என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். வங்கிக் கிழவர் இரும்பைக் காய்ச்சி வாள் அடிப்பதைப் பற்றிப் பேசினார். சிவனேஸ்வரி நோர்பரியைப் பற்றிப் பேசினாள். ஐந்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமாயிற்று, யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைப் பொங்கல் வந்த இடத்தில் வகுப்பு மேசையில் அடித்துச் சிரித்தது. தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைச் சொன்னபோது மிஸ் ஹாலம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிரித்து முடித்த பிறகு அவள் கொஞ்சம் தயங்கினாள். “சிவா, அந்த மலைப் பிக்குகளின் கதை எப்படி முடிந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அது நம் பாடத்துக்கு வெளியே இருக்கிறது” என்றாள். பிறகு சொன்னாள். சாமிக்குப் பயப்படாத ஒரு தளபதி கடைசியில் வந்தான். மலையைச் சுற்றிவளைத்து, கோயில்களை எல்லாம் எரித்து, அகப்பட்டவர்களை வெட்டினான். பெண்களையும் குழந்தைகளையும் கூட விடவில்லை.

மற்ற ஒன்பது பேருக்கும் அது சரித்திரம். சிவனேஸ்வரிக்கு எரிந்த கோயில் எப்படி மணக்கும் என்று தெரியும். அவள் மடியில் இருந்த ஏப்ரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாலேந்திராவின் முகம், அவர் தண்டின்கீழ் குனிந்து எழும்பியபோது இருந்த முகம், கண்முன் வந்தது. தோற்ற மனிதன் மறக்கமாட்டான். அடுத்த முறை அவருக்குப் பயம் இராது.

“எவ்வளவு காலத்துக்குப் பிறகு, மிஸ்?” என்று கேட்டாள்.

மிஸ் ஹாலம் திரும்பிப் பலகையில் கணக்குப் போட்டாள். பல்லக்கு முதன்முதல் தலைநகரத்துக்கு வந்தது 1095. மலை எரிந்தது 1571. “நானூற்று எழுபத்தாறு வருடம்” என்றாள்.

சிவனேஸ்வரி அந்த எண்ணை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலேந்திராவுக்கு இப்போதே ஐம்பத்துமூன்று வயது, இரத்தப் பிறஷர் வேறு. ஏப்ரனை உதறிக் கட்டிக்கொண்டு எழும்பினாள்.

“காணும் மிஸ், அது போதும்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குக் கடலை வாங்கப் போனாள்.